பேரல் குதிரையை அரீனாவுக்கு வெளியே தயார்செய்வது எப்படி?

டெக்சஸில் ஸ்டீஃபன்வில் பக்கம் குடியிருக்கும் ஓர் அப்பாவின் கேள்வி இது. அவருடைய 14 வயது மகள் பேரல் ரேஸிங் ஓடுகிறாள். முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைக் குதிரையில் வேகமாகச் சுற்றி வரும் போட்டி அது. குதிரை 9 வயதுக் குவார்ட்டர் ஹார்ஸ் (குறுந்தூர வேகத்துக்குப் பேர்போன அமெரிக்க இனம்), காயடித்த ஆண். வாரத்தில் ஐந்து நாள் அரீனாவில், அதாவது வேலி போட்ட மணல் களத்தில், பேரல் சுற்றிப் பயிற்சி. முதல் இரண்டு பேரல் அருமையாக வருகிறது, மூன்றாவதில் அகலமாகப் போய்விடுகிறது, திரும்பி வரும் ஓட்டத்தில் வேகமே இல்லை. போதாததற்கு அரீனா வாசலைக் கண்டாலே குதிரை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. "வெளியே ஓட்டுங்கள், சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே, எப்படி, எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை" என்கிறார்.

எல்லோரும் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் மருத்துவர். மூன்றாவது பேரலில் அகலமாகப் போவதற்குக் களைப்பு ஒரு காரணம், அவ்வளவுதான். பின்னங்காலின் ஹாக் மூட்டில் வலி இருந்தாலும், முன்னங்குளம்பின் பின்பகுதி நொந்தாலும், சேணம் முதுகை அழுத்தினாலும், வயிற்றுப்புண் இருந்தாலும் வெளியே தெரிவது இதே அறிகுறிதான். இன்னொன்று, முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரலில் ரத்தம் கசிவது. பேரல் குதிரைகளில் இது அபூர்வமில்லை. மூக்கில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளேயே கசிந்திருக்கும். ஓடி முடித்த கொஞ்ச நேரத்தில் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். வலியோடு இருக்கும் குதிரையை மேட்டில் ஏற்றினால் வலிதான் கூடும். மருத்துவர் காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

சரி, ஒரு ஓட்டம் குதிரையிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். முறைப்படி அமைத்த களத்தில் முதல் பேரலுக்கும் இரண்டாவதற்கும் 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. நேரக் கோட்டிலிருந்து முதல் இரண்டு பேரல்களும் 60 அடி தள்ளி. நல்ல குதிரை இதை 17 வினாடிகளுக்குப் பக்கத்தில் முடித்துவிடும். ஒரு பேரலைத் தட்டிவிட்டால் 5 வினாடி அபராதம், அன்றைய கதை முடிந்தது. இந்தப் பதினேழு வினாடிக்கும் தசை தன்னிடம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதைத்தான் செலவு செய்கிறது. ஆக்சிஜன் வந்து சேர்ந்து வேலை செய்ய நேரம் மிகக் குறைவு. "அப்படியென்றால் மெதுவாக மைல் கணக்கில் ஓட்டி என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

பயன் அந்த 17 வினாடிக்கு வெளியே இருக்கிறது. டிரெய்லரில் நான்கு மணி நேரம் நின்றுகொண்டே வருவது, வார்ம்அப், பெயர் கூப்பிடும்வரை வெயிலில் காத்திருப்பது, ஓடி முடித்தபின் தசையில் சேர்ந்த அமிலத்தை வெளியேற்றுவது, மறுநாள் மறுபடியும் ஓடுவது, இத்தனைக்கும் அடிப்படை ஆக்சிஜனை வைத்து வேலை செய்யும் உடல்தான். லாஸ் வேகஸில் நடக்கும் நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோவில், அதாவது கௌபாய் விளையாட்டுகளின் இறுதிப் போட்டியில், பத்து இரவு, பத்துச் சுற்று. பத்தாவது இரவும் முதல் இரவைப் போல ஓடவேண்டுமென்றால் வெறும் வேகம் கை கொடுக்காது. அப்புறம், களைத்த குதிரை காலைச் சரியாக வைக்காது. காயம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

பேரல் சுற்றியே இந்த அடிப்படையைக் கட்டிவிட முடியாதா? முடியாது. வலதுபக்கப் பேரலில் தொடங்கினால் ஒரு திருப்பம் வலம், இரண்டு திருப்பம் இடம். ஒவ்வொன்றிலும் உள்பக்கப் பின்னங்கால் மொத்த எடையையும் வாங்கி முறுக்கிக்கொள்கிறது. வாரத்தில் ஐந்து நாள் இதைச் செய்தால் இதயத்துக்கு வேலை கொஞ்சம், ஹாக் மூட்டுக்கு அடி நிறைய. ஒன்பது வயதுக் குதிரைக்குப் பேரல் எப்படிச் சுற்றுவதென்று தெரியும். உங்கள் மகளைவிட அதற்கு நன்றாகத் தெரியும் என்றுகூடச் சொல்வேன். தினமும் அதையே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குதிரையின் மூச்சு சீக்கிரம் தேறும், கால் தாமதமாகத்தான் தேறும். இதயமும் ரத்தமும் சில வாரங்களிலேயே மேம்பட்டுவிடும். குதிரைக்கு மண்ணீரலிலேயே சிவப்பணுக்களின் சேமிப்பு இருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி அதை ரத்தத்தில் கொட்டிவிடும். அதனால் கொஞ்சம் பழகிய குதிரைகூட அசாத்தியத் தெம்போடு தெரியும். தசை உருவாக மாதங்கள் ஆகும். எலும்பும் தசைநாணும் மூட்டைப் பிணைக்கும் நார்களும் அதற்கும் பின்னால் வரும். புதிதாகத் தொடங்கும் குதிரைக்கு ஒரு வருடம்வரை இழுக்கலாம். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. நாலுகால் பாய்ச்சலில் அந்த நாணின் மையம் 45 டிகிரி செல்சியஸ்வரை சூடேறும் என்று அளந்திருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் குதிரை துள்ளும், "இன்னும் வேகமாகப் போகலாமே" என்று உங்கள் மகளுக்கும் தோன்றும். ஆபத்தான வாரம் அதுதான்.

எப்படித் தொடங்குவது? முதல் இரண்டு வாரம் வெறும் நடை. கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சோம்பேறி நடையில்லை. எங்கோ போகவேண்டியிருக்கிற மாதிரி, தலையை நீட்டி, பின்கால் முன்கால் தடத்தைத் தாண்டி விழும் நடை. நல்ல நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகலாம், ஆக 40 நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர். உங்கள் குதிரை கொட்டிலில் சும்மா நின்றதில்லைதான், ஆனால் அதன் காலுக்கு அரீனா மணலைத் தவிர வேறு தரை தெரியாது. மேடு பள்ளம், சரளை, புல், ஓடை என்று ஒவ்வொன்றையும் அது கற்றுக்கொள்ள இந்த நடை வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ட்ராட், அதாவது நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். டெக்சஸ் மாட்டுப் பண்ணைக்காரர்கள் பரந்த மேய்ச்சல் நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதே நீண்ட ட்ராட்டில்தான். லாங் ட்ராட் என்பார்கள். காலெடுப்பு நீளமாக, நிதானமாக, ஒரே தாளத்தில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வாக்கில் போகும். இதில் மூலைவிட்டமாக இரண்டு கால் சேர்ந்து இறங்குவதால் இடம், வலம் இரண்டு பக்கமும் சமமாக வேலை வாங்கும். பேரல் குதிரையின் உடல் ஒரு பக்கம் சாய்ந்தே வளர்ந்திருக்கும் என்பதால் இந்தச் சமம் முக்கியம். தவிர, லோப் எனப்படும் நிதானமான தாவலோட்டத்திலும் முழுப் பாய்ச்சலிலும் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று மூச்சு காலடியோடு கட்டுப்பட்டுக் கிடக்கும். ட்ராட்டில் அந்தக் கட்டு தளர்வு. குதிரை தன் இஷ்டத்துக்கு மூச்சு வாங்கிக்கொள்ளும்.

முதலில் மூன்று நான்கு நிமிடம் ட்ராட், அப்புறம் அதே அளவு நடை, இப்படி நான்கு தடவை. வாரா வாரம் ட்ராட் நேரத்தைக் கூட்டி, நடையைக் குறைத்து, எட்டாவது வாரத்தில் 15 முதல் 20 நிமிடம் நிற்காமல் ட்ராட், நடுவில் நடை, மறுபடி ஒரு 15 நிமிடம் என்று வந்தால் போதும். உங்கள் மகள் சேணத்தில் சப்பென்று உட்கார்ந்து குலுங்கக்கூடாது. எழுந்து உட்கார்ந்து தாளத்தோடு போகவேண்டும். அப்படிப் போகும்போது எந்த முன்னங்காலோடு சேர்ந்து எழுகிறாள் என்பதை அவ்வப்போது மாற்றவேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தங்களுக்கு வசதியான பக்கத்திலேயே மைல் கணக்கில் போய்விடுவார்கள், குதிரையின் முதுகு ஒரு பக்கம் இறுகிப்போகும். ஒரு கம்பம் தாண்டினால் ஒரு தடவை மாற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லகானைத் தளர்த்திவிடட்டும், தலை கீழே இறங்கட்டும். கழுத்தை நீட்டினால்தான் முதுகு எழும்பும்.

எங்கே ஓட்டுவது? ஸ்டீஃபன்வில் இருக்கும் ஈராத் கவுண்டியில் இதற்குப் பஞ்சமில்லை. ஃபார்ம் டு மார்க்கெட் எனப்படும் கிராமப்புறச் சாலைகளின் ஓரத்தில் பார் டிச் எனப்படும் அகலமான புல் பள்ளம் மைல் கணக்கில் போகும். பாதிப் பேர் அதில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்தப் புல்லுக்குள் பீர் பாட்டில், அறுந்து கிடக்கும் முள்கம்பி, தண்ணீர் போகும் குழாயின் விளிம்பு எல்லாம் ஒளிந்திருக்கும். புதுப் பாதை என்றால் முதல் தடவை நடையில் மட்டும் போகட்டும். மேய்ச்சல் நிலம் இன்னும் நல்லது. அங்கே பார்க்கவேண்டியது பிராணிகள் தோண்டிய வளைகளும் மெஸ்கீட் முள்ளும். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரம் அது, முள்ளும் அதே ரகம். மூட்டுப் பக்கம் ஏறி ஒடிந்துவிட்டால் வெளியே தெரியாமல் சீழ்பிடிக்கும். கலீச்சிச் சாலை, அதாவது இறுகிய சுண்ணாம்புச் சரளைச் சாலை, நடைக்கு நல்லது, கொஞ்சம் ட்ராட்டுக்கும் பரவாயில்லை. அதில் லோப் போகக்கூடாது, அடி நேராக எலும்புக்குப் போகும். ஆற்றுப் படுகையில் ஆழமான மணல் இருந்தால் அதைக் கண்டு ஆசைப்படாதீர்கள். கால் புதையும் தரையில் வேகம் எடுத்தால் நாணைத்தான் பதம் பார்க்கும். நடையில் ஐந்து நிமிடம், அதுவும் பழகிய பிறகு, போதும்.

மேடு ஏறுவது ஐந்தாவது வாரத்திலிருந்து. வேகம் கூட்டாமலே இதயத்துக்கும் பின்தொடைக்கும் இடுப்புக்கும் வேலை வாங்க இதைவிட வழியில்லை. நீளமான, சாய்வு குறைந்த மேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடையில் ஏறட்டும், இரண்டு வாரம் கழித்து ட்ராட்டில். இறங்கும்போது எப்போதும் நடைதான், நேராகத்தான். இறக்கத்தில் எடை முழுதும் முன்னங்காலுக்கு வரும். மூன்றாவது பேரலில் உட்கார்ந்து திரும்பும் பலம் உங்கள் குதிரைக்கு இல்லை என்றால், அது வரப்போவது இந்த மேட்டில்தான்.

லோப் ஏழாவது வாரம்: இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக, இடது லீடு, வலது லீடு (தாவும்போது முன்னால் நீளும் கால்) இரண்டிலும். முழு வேகம் பத்தாவது வாரத்துக்கு முன்னால் வேண்டாம். அதுவும் நேர்கோட்டில், லேசான ஏற்றத்தில், ஒரு 200 மீட்டர், பத்து நாளைக்கு ஒரு தடவை. வார இறுதியில் போட்டி ஓடினால் அந்தத் தடவையும் வேண்டாம், போட்டியே போதும். தூரம், மேடு, வேகம் மூன்றில் எதைக் கூட்டினாலும் அந்த வாரம் மற்ற இரண்டையும் தொடாதீர்கள்.

கண்ணால் பார்த்துத் தெம்பை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்குங்கள், விலை அதிகமில்லை. இடது முழங்கைக்குப் பின்னால், சேணப்பட்டை உட்காரும் இடத்தில் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு. லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒன்று; இரண்டாக எண்ணிவிட்டுப் பயந்துபோகிறவர்கள் உண்டு. ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். ட்ராட்டில் நூறை ஒட்டி, முழு வேகத்தில் 200-க்கு மேல் போகும். உங்களுக்கு வேண்டியது ஓட்டத்தின் எண் இல்லை, நிறுத்திய பத்தாவது நிமிடத்தின் எண். அப்போது 60-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் அன்றைய வேலை அதற்குச் சரியான அளவு. 70-க்கு மேலேயே நின்றால் நீங்கள் கூட்டியது அதிகம், அல்லது வெயில் அதிகம், அல்லது எங்கோ வலிக்கிறது. இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எண்ணைவிட முக்கியமானது தினமும் காலையில் சேணம் போடுவதற்கு முன்னால் காலைத் தடவிப் பார்ப்பது. பக்கத்தில் குனிந்து, முட்டி போடாமல், முன்னங்காலின் பின்பக்கம் முழங்காலிலிருந்து கீழே ஒரு கையை மெதுவாக இறக்குங்கள். நாண் முறுக்கேறிய கயிறு போல, ஓரம் தெளிவாக, குளிர்ச்சியாகக் கைக்குப் படவேண்டும். அடுத்த காலையும் உடனே அதே கையால் தொடுங்கள். ஒன்று சூடாக, ஒன்று குளிர்ச்சியாக இருந்தால், ஓரிடத்தில் மொழுக்கென்று ஓரம் தொலைந்திருந்தால், அழுத்தும்போது காலை வெடுக்கென்று இழுத்தால் அன்று சவாரி கிடையாது, மருத்துவருக்குத்தான் போன். நாலு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கி, நடக்கவிட்டால் பத்து நிமிடத்தில் வடிந்துவிட்டால் அது கொட்டிலில் நின்ற வீக்கம், பயமில்லை. இதை மகளே செய்யட்டும். ஒரு மாதத்தில் அவள் கைக்குப் பழகிவிடும்.

அரீனா வாசலைக் கண்டதும் வரும் படபடப்புக்கு வருகிறேன். அந்தக் குதிரைக்குச் சேணம் என்றால் அரீனா, அரீனா என்றால் முழு வேகம் என்று பதிந்துபோயிருக்கிறது. அதை அடித்து நிறுத்த முடியாது, கடிவாளத்தை மாற்றியும் நிறுத்த முடியாது. சேணம் போட்டால் சில நாள் ஓடைப் பக்கம் போவோம், சில நாள் மாட்டுக்குப் பின்னால் நடப்போம், சில நாள் அரீனாவுக்குள்ளே போய் வெறுமனே நின்றுவிட்டு வருவோம் என்று அதற்குத் தெரியவேண்டும். பேரல் உலகத்தில் யாரும் மறக்காத குதிரை ஸ்கேம்பர். சார்மெய்ன் ஜேம்ஸ் அதன் மேல் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள் வாங்கினார். அது நியூ மெக்சிகோவின் க்ளேட்டனில் மாடு கொழுக்க வைக்கும் பண்ணை ஒன்றிலிருந்து வந்த குதிரை. பேரலைப் பார்ப்பதற்கு முன்னால் மாடுகளுக்கு நடுவே வேலை பார்த்தது. பக்கத்துப் பண்ணையில் மாடு ஓட்ட ஆள் கேட்டால் மகளை அனுப்புங்கள், நடையும் ட்ராட்டும் போதும் என்ற நிபந்தனையோடு.

ஆக, பத்து வாரம் தாண்டியபின் ஒரு வாரம் எப்படி இருக்கும்? சனிக்கிழமை போட்டி என்றால் ஞாயிறு புல்வெளியில் அவிழ்த்துவிடுங்கள், அல்லது அரைமணி கையில் பிடித்து நடத்துங்கள். திங்கள் நீண்ட நடை. செவ்வாய் லாங் ட்ராட். புதன் அரீனா, ஆனால் பேரலை நடையிலும் ட்ராட்டிலும் மட்டும் சுற்றட்டும், இரண்டு பக்கமும் வட்டம், நிறுத்தல், பின்வாங்கல். வியாழன் மேடு, கொஞ்சம் லோப். வெள்ளி சும்மா ஒரு உலா. முழு வேகத்தில் பேரல் சுற்றுவது போட்டியன்று மட்டும். மூன்று நாளில் கைகால் பரபரக்கும், உங்களுக்குத்தான், குதிரைக்கு இல்லை.

டெக்சஸ் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 150 தாண்டினால் வேலையைக் குறையுங்கள், 180 தொட்டால் சேணத்தை எடுக்கவே வேண்டாம். ஆகஸ்டில் விடியும்போதே கிளம்பிவிட வேண்டியதுதான். கடுமையாக வேலை செய்யும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வியர்வை விடும், உப்பும் அதோடு போகும். திரும்பி வந்ததும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், குடிக்கக் கேட்டால் கொடுங்கள். சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள்.

லாடம் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. சாலையோரம் போகப்போகிறது என்று லாடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீவனத்தில் தானியத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். குவார்ட்டர் ஹார்ஸ்களில் சிலவற்றுக்குத் தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அளவுமீறித் தேங்கும் பரம்பரைக் கோளாறு உண்டு. அப்படிப்பட்ட குதிரை இரண்டு நாள் கொட்டிலில் நின்றுவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்தால், பின்தொடை கல்லாக இறுகி நடக்கவே முடியாமல் நின்றுவிடும். அந்தக் குதிரைகளுக்குத் தினசரிச் சவாரியும் மாவுச்சத்து குறைந்த தீவனமும்தான் பாதி மருந்து. ரத்தமோ முடியோ கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

மகள் தனியாகப் போகவேண்டாம். ஹெல்மெட் கட்டாயம், தொப்பி படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். போன் சேணப்பையில் இருந்தால் பயனில்லை. குதிரை தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினால் போனும் சேர்ந்து ஓடிவிடும், உடம்பிலேயே இருக்கவேண்டும்.

நடுவில் மழையோ பரீட்சையோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள், பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே தொடங்கினால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் மறுபடி நடையிலிருந்து. நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் அந்த நோட்டிலிருந்து பத்தாவது நிமிட எண்களை எழுதி அனுப்புங்கள், அன்றைய வெப்பநிலையும் எந்தப் பாதை என்பதும் சேர்த்து. மேட்டை எப்போது கூட்டலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.